சும்மா தடம்

ஊருக்கு மேற்கே இரண்டு பெரிய ரயில் பாதைகள் போகின்றன. ஒன்று வடக்கே, ஒன்று கிழக்கே. இரண்டும் ஜங்ஷனில் போய்ச் சேரும். வடக்கிலிருந்து வந்து கிழக்கே போகவேண்டிய வண்டி ஜங்ஷனுக்குள் நுழைந்து, என்ஜினைக் கழற்றி, அதைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் மாட்டி, வந்த திசைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பும். முக்கால் மணி நேரம் பிடிக்கிற வேலை. அந்த முக்கால் மணியை மிச்சம் பிடிக்கத்தான் யுத்த காலத்தில் ஜங்ஷனுக்கு வெளியே இரண்டு பாதைகளையும் இணைத்து மூன்றரைக் கிலோமீட்டருக்கு வளைவாக ஒரு தடம் போட்டார்கள். நூறே நாளில் போட்டு முடித்தார்களாம். முதல் வண்டியில் குதிரைகள் போயின. இரண்டாவது வண்டி புறப்படுவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது.

பிறகு அந்தத் தடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரு வேலைநிறுத்தத்தின்போது தபால் வண்டி ஜங்ஷனுக்குள் போகாமல் அந்த வழியாக நழுவியது. ஒரு சர்க்கஸ் கம்பெனியின் வண்டியை அங்கே நான்கு நாள் நிறுத்திவைத்தார்கள்; சிங்கம் கத்துவதைக் கேட்டு அக்கம்பக்கத்தில் மாடுகள் பால் கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று மேலே இருப்பவர்கள் இரண்டு தடவை முடிவெடுத்தார்கள். இரண்டு தடவையும் எங்கேயாவது ஒரு விபத்து நடந்து, வண்டிகளைத் திருப்பிவிட அது தேவைப்பட்டது. அதனால் அது பெயர்க்கப்படாமலும் பயன்படாமலும் கிடந்தது. கணக்கில் அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. ஊருக்கு அது சும்மா தடம்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஓர் என்ஜின் மட்டும் தனியாக வந்து, தண்டவாளத்தின் துருவைத் தேய்த்துவிட்டுப் போகும். இரண்டு வருஷமாக அதுவும் வரவில்லை. என்ஜின் கிடைக்கவில்லை என்றார்கள்.

வண்டி வராவிட்டாலும் பாதையைத் தினமும் நடந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். தண்டவாளத்தை அடியிலுள்ள குறுக்குக் கட்டையோடு பிடித்திருக்கும் இரும்பு ஆப்புகள் கழன்றிருந்தால் தட்டி இறுக்கவேண்டும், ஜல்லி சரிந்திருந்தால் அள்ளிப் போடவேண்டும், பார்த்ததை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த ஆளுக்குக் கீமேன் என்று பெயர். வளைவின் நடுவில், தடத்திலிருந்து பத்தடி தள்ளி, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள ரயில்வே வீட்டில் கீமேன் பதினெட்டு வருஷமாக இருந்தார். கூட அவர் மனைவி. அவருடைய அக்காவும் அங்கேதான் இருந்தாள். கணவன் செத்தபிறகு ஒரு பெட்டியோடு ஒரு வாரத்துக்கு என்று வந்தவள், வந்து ஒன்பது வருஷமாகிறது. மாவு மில்லில் சாக்குத் தைக்கப் போவாள். மில் இரைச்சலில் காது மந்தமாகிப்போனதால் ரகசியத்தையும் கூவித்தான் சொல்லுவாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன் கீமேனுக்குப் பார்வை சுருங்க ஆரம்பித்தது. எதிரே இருப்பது தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். ஆபீஸுக்குத் தெரியாமல் வேறு ஊர் டாக்டரிடம் போய்க் காட்டினார்கள். இனி விரியாது, சொட்டு மருந்து போட்டால் இருப்பது கொஞ்ச நாள் நிற்கும் என்றார் டாக்டர். பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கண் இல்லாதவனுக்குப் பாதையில் வேலை கிடையாது. வேலை இல்லாதவனுக்கு அந்த வீடும் கிடையாது.

"யாருக்கும் சொல்லாதே," என்றார். "அக்காவுக்கு முக்கியமாச் சொல்லாதே. அவ காதுல போட்டா மில்லுல எல்லாருக்கும் கேட்டுடும்."

முதலில் மனைவி அவரோடு கூட நடந்தாள். ஒரு நாள் அவர் கால் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டி முழங்கால் பெயர்ந்தது. அடுத்த நாள் அவருடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் மட்டும் கிளம்பினாள். முழங்கால் ஆறியபிறகும் அவளே போனாள். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் திரும்ப ஒன்பதரை ஆகும். வந்து என்ன பார்த்தாள் என்று சொல்லுவாள். அவர் நோட்டை மூக்குக்கு அருகில் வைத்து எழுதுவார். வழியில் செங்கல் அறுக்கிறவர்கள், "கீமேன் வர்றாங்க, எழுந்திரிங்கடா" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போவாள்.

அக்காவுக்கு இதில் ஒரே ஒரு அர்த்தம்தான் புரிந்திருந்தது. "பொண்டாட்டியைத் தண்டவாளத்துல ஓட்டிவிட்டுட்டு வீட்டுல உக்காந்து முட்டை வேக வைக்கிறான். எங்கப்பன் பரம்பரையில இப்படி ஒரு சோம்பேறி பிறந்ததில்லை," என்று வாசலில் நின்று சொல்லுவாள். கீமேன் முட்டையை உரிப்பார்.

அந்த வருஷம் மழை ஒழுங்காக வரவில்லை, வந்தபோது விடவில்லை. பத்தொன்பது நாள் பெய்தது. சுவரெல்லாம் வியர்த்தது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்ட துணிகள் புகைநாற்றத்தோடு தொங்கின. இருபதாம் நாள் காலையில் மனைவி நடந்துவிட்டு வந்து கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை, தண்டவாளத்தில் ஒரு டிராலி வந்து வீட்டுக்கு எதிரே நின்றது. தள்ளுகிற ஆட்கள் நாலு பேர், நடுவில் பெஞ்சுமேல் பாதை இன்ஸ்பெக்டர். மெலிந்த மனிதர். மூக்குக் கண்ணாடியில் மழைத் துளிகள்.

"கீமேன், ஜங்ஷனுக்கு வடக்கே ஆத்துப் பாலத்துல ஒரு தூண் சாஞ்சிடுச்சு," என்றார் இறங்காமலே. "வடக்கேயிருந்து ஜங்ஷனுக்குள்ள எதுவும் போக முடியாது. இனிமே எல்லாம் உங்க தடத்து வழியாத்தான். வடக்குச் சிக்னல்ல ஒரு வண்டி ராத்திரியிலேர்ந்து நிக்குது. எண்ணூறு பேர். குடிக்கத் தண்ணியில்லை, ஜனங்க இறங்கிக் கல்லெடுக்கிறதுக்கு முன்னாடி அனுப்பணும். நீங்க கூட நடங்க. நீங்க சரின்னு சொன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"ஒரு வாய் டீ குடிங்க ஐயா. தொப்பியை எடுத்துட்டு வந்துடறேன்," என்றார் கீமேன்.

டிராலி ஆட்களும் இன்ஸ்பெக்டரும் கூரைச் சரிவின் கீழே ஒதுங்கினார்கள். அக்கா அவர்களுக்கு ரொட்டியும் டீயும் கொண்டுபோய்க் கொடுத்து, பாலம் எப்படிச் சாய்ந்தது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விசாரித்தாள். சமையலறையில் புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். வெளியே இருந்தவர்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான்.

"ஓடைப் பாலத்தைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி, தணிந்த குரலில்.

"என்ன சொல்றது?"

"என்ன சொல்றதா? பதினாறு நாளா உங்ககிட்டதானே சொல்லிட்டிருக்கேன். அந்தக் கல் பாலத்துக்கு இந்தப்பக்கம் நாலு கட்டை, தட்டினா சத்தம் மாறிப்போச்சு. கீழே மண்ணு இல்லை. காலிப் பெட்டியைத் தட்டற மாதிரி இருக்கு."

"அந்த இடம் எப்பவுமே கொஞ்சம் அப்படித்தான். நான் பதினெட்டு வருஷமாத் தட்டியிருக்கேன்."

"கடைசியா எப்பத் தட்டினீங்க?"

 கயிற்றில் தொங்கிய தொப்பியைத் தேடிக் கையை நீட்டினார். அது கைக்கு ஒரு சாண் இடதுபக்கம் இருந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"அன்னைக்கே எழுதியிருந்தா சரிபண்ணியிருப்பாங்க," என்றாள்.

"எழுதினா வந்து பார்ப்பாங்க. வந்தா, வாய்யா காட்டுன்னு என்னை நடக்கச் சொல்லுவாங்க. ரெண்டு அடியில விழுந்து கிடப்பேன். அப்புறம்? இந்த அக்காக் கிழவியையும் கூட்டிட்டு எங்க போறது?"

"இப்ப வண்டி வருதே."

"நடந்து போற வேகத்துலதான் விடுவாங்க. ஒண்ணும் ஆகாது. பழைய காலத்து வேலை, கல்லு மாதிரி இருக்கும்."

"எண்ணூறு பேருங்க."

"எனக்கு எண்ணத் தெரியாதா?" என்றார். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே பேச்சு ஒரு நிமிஷம் நின்றது.

அந்த நேரம் பார்த்து அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "என்ன, ரெண்டு பேரும் கிசுகிசுன்னு? பெரிய மனுஷர் மழையில நிக்கிறார். டேய் தம்பி, இன்னைக்காவது நடடா. வேலைக்காரன்னு அவர் நம்பட்டும்."

இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டாரோ இல்லையோ, கோப்பையைக் கீழே வைத்தார்.

கீமேன் முன்னால் நடந்தார். முழங்கால் சரியில்லை என்று சொல்லி ஒரு கைத்தடியை எடுத்துக்கொண்டார். ஆள் பற்றாது, கொடிப்பையை நான் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று மனைவியும் கிளம்பியதை யாரும் தடுக்கவில்லை. மழை தூறலாகத் தளர்ந்திருந்தது. தடத்தின் இரண்டு பக்கமும் இடுப்பளவு புல் சாய்ந்து கிடந்தது. கீமேன் ஒவ்வொரு கட்டையாகத் தடியால் தொட்டுத் தொட்டுக் காலை வைத்தார். பார்க்கிறவனுக்குக் கவனமான வேலைக்காரன் மாதிரி இருந்திருக்கும். பின்னால் வந்தவளுக்கு மட்டும் அவர் எதையும் பார்க்கவில்லை, வழியைத்தான் தேடுகிறார் என்று தெரியும்.

ஓடைப் பாலம் பெரிய பாலமில்லை. ஒரு மாட்டு வண்டி புகுகிற அளவுக்குக் கல்லால் கட்டிய வளைவு. அன்றைக்கு ஓடை அதன் கழுத்துவரை செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஜல்லி ஒழுங்காக இருந்தது; தண்டவாளம் நேராக இருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். டிராலியைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் அதன்மேல் கடந்தும் போனார்கள். அதன் கனத்துக்கு எதுவும் அசையவில்லை.

"இங்க எப்படி?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "தண்ணி இவ்வளவு ஏறியிருக்கே."

"நல்லா இருக்குங்க ஐயா."

"காலையில பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சரியா இருக்கு."

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து தாளை எடுத்தார். அது நனையாமலிருக்க ஓர் ஆள் குடை பிடித்தான். பேனாவைத் திறந்தார்.

"ஐயா," என்றாள் மனைவி.

எல்லோரும் திரும்பினார்கள். கீமேன் மட்டும் திரும்பவில்லை.

"அவர் பார்க்கலைங்க. நான்தான் பார்த்தேன். சரியா இல்லை."

"நீங்க பார்த்தீங்களா?"

"ஒன்றரை வருஷமா நான்தான் நடக்கிறேன். அவருக்குக் கண்ணு ஓரம் தெரியாது. இந்த நாலு கட்டைக்கும் கீழே ஒண்ணுமில்லை ஐயா. கடப்பாறையைப் போட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். கீமேனின் முதுகைப் பார்த்தார். பிறகு ஒரு ஆளிடம் தலையை அசைத்தார். அவன் கட்டையின் ஓரத்தில் கடப்பாறையை ஊன்றி அழுத்தினான். ஜல்லியில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அப்புறம் யாரோ கீழேயிருந்து பிடித்து இழுத்ததுபோல ஒரே மூச்சில் அவன் முழங்கைவரை இறங்கியது. அவன் பயந்து பின்னால் நகர்ந்தான்.

ஜல்லியை அள்ளிப் பார்த்தபோது, பாலத்தின் பக்கச் சுவர்க்கல் சரிந்து உள்ளே இருந்த மண் முழுவதும் ஓடையோடு போயிருந்தது தெரிந்தது. ஒரு கன்றுக்குட்டி படுத்துக்கொள்கிற அளவுக்குக் குகை. தண்டவாளம் அதன்மேல் சும்மா அந்தரத்தில் கிடந்தது.

 இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"இதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்று அவளைக் கேட்டார்.

அவள் ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தாள். "இன்னைக்குக் காலையிலதான் ஐயா. இந்த மழையில போயிருக்கும்."

கீமேன் அப்போதுதான் திரும்பினார். ஏதோ சொல்லப்போகிறவர்போல வாயைத் திறந்தார். அதற்குள் இன்ஸ்பெக்டர் ஆட்களை விரட்டத் தொடங்கிவிட்டார். கீமேன் தடியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றார்.

ஜங்ஷனிலிருந்து நாற்பது பேர் வந்தார்கள். பழைய கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் குகையை நிரப்பி, மண் மூட்டைகளைத் திணித்து, தண்டவாளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள். அதற்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. நாலு மணிக்கு மேல் முதல் வண்டி வந்தது. அதற்கு முன்னால் சிவப்புக் கொடியோடு யாராவது நடக்கவேண்டும். தடம் அறிந்தவர் வேறு யாரும் இல்லை. "நீங்களே நடங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். மூன்றரைக் கிலோமீட்டரும் அவள் நடந்தாள். பின்னால் என்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. பாலத்தைத் தாண்டியபோது ஒரு தரம் நின்று, கடைசிப் பெட்டி கடக்கும்வரை காதைக் கொடுத்துக் கேட்டாள். முட்டுக் கட்டைகள் முனகின, தாங்கின. ஜன்னல்களில் களைத்துப்போன முகங்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. ஒருத்தி, இங்கே டீ கிடைக்குமா என்று கேட்டாள்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் வண்டிகள் அந்த வழியாகவே போயின. பகலில் ஏழு, எட்டு. ஒவ்வொரு வண்டிக்கும் வீடு அதிர்ந்தது; அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று பேசின. அக்கா மில்லுக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லா வண்டிக்கும் கை காட்டினாள். தம்பிக்குக் கண் போன சேதி தெரிந்த அன்று மட்டும் அவள் யாருக்கும் கை காட்டவில்லை. சமையலறையில் வந்து நின்று, "ஏண்டா, முட்டை உரிக்கிறப்பக்கூடச் சொல்லலையே," என்றாள், அவளுக்கே கேட்காத அளவு மெதுவாக.

மனைவிக்கு உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வண்டிச் சத்தம் வரும்; எழுந்துவிடுவாள். வண்டி பாலத்தைத் தாண்டிவிட்டது என்று சத்தம் மாறுகிறவரை சோற்றைத் தொடமாட்டாள். கீமேன் அவளோடு பேசவில்லை. கோபமாகவும் காட்டிக்கொள்ளவில்லை. "டீ" என்றால் டீ, "சொட்டு மருந்து" என்றால் மருந்து. ஒருநாள் அவளே கேட்டாள்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்னு கோபமா?"

"கோபம் எனக்கெதுக்கு," என்றார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆற்றுப் பாலத்துத் தூணைச் சரிசெய்து வண்டிகள் பழைய வழிக்குப் போனபிறகு விசாரணைக்கு ஜங்ஷன் ஆபீஸுக்கு வரச்சொல்லித் தாள் வந்தது. இரண்டு பேருக்கும் தனித்தனித் தாள்.

விசாரித்த அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது. மேஜையில் கைக்குட்டை, பக்கத்தில் சொன்னதை எழுத ஒரு கிளார்க். முதலில் அவளைக் கேட்டார்கள்.

"உங்களை நடக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் போனேன்."

"ரயில்வே பாதையில வெளியாள் வேலை செய்யறது குற்றம்னு தெரியுமா?"

"இப்பத் தெரியும்."

"பாலத்துக்குக் கீழே மண் போனது எப்பத் தெரிஞ்சது?"

"அன்னைக்குக் காலையிலதான். அன்னைக்கே சொல்லிட்டேன்."

அதிகாரி தும்மினார். கிளார்க் எழுதினான். "அப்ப இது மழையில திடீர்னு நடந்தது. அந்த அம்மா உடனே சொல்லிட்டாங்க. அவ்வளவுதானே?" என்று கீமேனைப் பார்த்துக் கேட்டார். முடித்துவிடலாம் என்கிற குரல். "கண் விஷயம் மட்டும் டாக்டர் பார்த்துக்குவார். நீங்க சொல்ல வேற ஏதாவது இருக்கா?"

"இருக்குங்க," என்றார் கீமேன்.

அவர் அதிகாரி இருந்த திசையைச் சரியாகப் பார்க்கத் தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்குக் காலையில இல்லைங்க. அதுக்குப் பதினாறு நாளைக்கு முன்னாடியே இவ சொல்லிட்டா. தினம் சொன்னா. சத்தம் மாறிடுச்சு, எழுதுங்கன்னு. நான்தான் எழுதலை. 'சரியாக உள்ளது'ன்னு பதினாறு நாளும் எழுதினேன். நோட்டுல பாருங்க, என் எழுத்துதான்."

கிளார்க்கின் பேனா நின்றது. அதிகாரி கைக்குட்டையை மடித்தார்.

"இதை உங்களை நான் கேட்கலையே."

"கேட்கலைங்க."

"எழுதினா உங்களுக்குத்தான் கஷ்டம். கண்ணு போனது ஒரு விஷயம். தெரிஞ்சு மறைச்சது வேற."

"தெரியுங்க. நடக்கச் சொன்னதும் நான்தான். அதையும் சேர்த்து எழுதிக்கச் சொல்லுங்க."

மனைவி அவர் கையைத் தொட்டாள். அவர் கையை விலக்கவில்லை; பேச்சையும் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபிறகு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

வராந்தா பெஞ்சில் இரண்டு மணி நேரம் காக்கவைத்தார்கள். பிறகு அதிகாரியே கூப்பிட்டுச் சொன்னார். ஆணை தபாலில் வரும். ஆனால் இதுதான் வரும். பாதை வேலை இனி இல்லை. மறைத்ததற்காகப் பதவி இரண்டு படி இறங்கும், பென்ஷனும் அதற்குத் தகுந்தபடி குறையும். ஜங்ஷன் கருவிக் கிடங்கில் ஆணி, ஆப்பு, போல்ட்டுகளைப் பிரித்து வைக்கிற வேலை. அதற்குக் கையே போதும். வீட்டை இரண்டு மாதத்தில் காலி செய்யவேண்டும். அவள்மேல் நடவடிக்கை இல்லை, எச்சரிக்கை மட்டும். "அவங்களுக்கு ஏதாவது வேலை கொடுக்க விதி இருக்கான்னு பார்த்தேன்," என்றார் அதிகாரி. "இல்லை."

ஆபீஸிலிருந்து பிளாட்பாரத்துக்கு நடந்தார்கள். ஊருக்குப் போகிற சாயங்கால வண்டிக்குக் கூட்டம் சேர்ந்திருந்தது. மூட்டைகளும் பெட்டிகளும் கால்களும். அவள் அவரை ஒரு தூணருகே நிறுத்தினாள்.

"பதினாறு நாளை நீ ஏன் அங்க சொல்லலை?" என்று கேட்டார். பல நாளைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

"உங்க கண்ணைப் பத்தி நான் சொல்லவேண்டியதாப் போச்சு. வண்டி நின்னுட்டிருந்தது. இது அப்படியில்லையே. இது நீங்க சொல்லவேண்டியது."

"நான் சொல்லாம விட்டிருந்தா?"

 தூரத்தில் வண்டியின் விளக்கு தெரிந்தது. கூட்டம் ஒருமுறை முன்னால் நகர்ந்து பின்வாங்கியது.

"தெரியலை," என்றாள். "அதைத்தான் இத்தனை நாளா உட்காராம யோசிச்சிட்டிருந்தேன். உங்களோட எப்படி இருக்கப்போறேன்னு."

அவர் தலையை ஆட்டினார். வண்டி வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்தார்கள். பின்னால் ஒருவன், "சீக்கிரம் ஏறுங்க பெரியவரே" என்று தள்ளினான். கீமேன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலால் தேடினார். கால் காற்றில் துழாவியது. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"எனக்குக் கண்ணு தெரியாது. படி எங்க இருக்குன்னு சொல்லு."

தள்ளியவன் கையை எடுத்துக்கொண்டான்.

"இன்னும் ஒரு சாண் மேலே," என்றாள் அவள். "இல்லை, வலதுபக்கம். அங்கதான்."

அவர் ஏறினார்.